பாட்டா முகம் சாம்பல் அடிக்குது, மார்க்கர்ல ஸ்கின் டோன் வரல்ல (அவசரம்)

குளச்சல்_கிறுக்கி · வியாழன் இரவு 11:38
ஆல்கஹால் மார்க்கர் வச்சு எனக்க பாட்டா (தாத்தா) வலை தைக்கிற படம் ஒண்ணு வரையுதேன். ஸ்கின் டோன் செட், 24 கலர். கன்னத்துல கோடு கோடா நிக்கிது, ஒரு கலர் இன்னொண்ணோட சேரவே மாட்டேங்குது. தாடைப் பக்கம் அடுப்புச் சாம்பல் பூசினாப்ல இருக்கு. வீடியோல பாத்தா எல்லாருக்கும் வழுக்கிட்டுப் போவுது. ஞாயித்துக்கிழமை பாட்டாவுக்கு 80 வயசு. சீக்கிரம் சொல்லுங்கோ. படம் போட்டிருக்கேன்.

மைக்கூடு · 11:51
படத்துல உங்க பெருவிரல்தான் தெரியுது. எந்தப் பேப்பர்? எத்தன ஜிஎஸ்எம், அதாவது தாள் எடை? அவுட்லைன் எதுல போட்டீங்க? எந்தெந்த நம்பர் கலர்?

ஆரல்வாய்க்காத்து · 11:55
பேன் ஓடுதா? ஆஃப் பண்ணுங்க. அதுல இருக்கது ஸ்பிரிட்டு, காத்துபட்டா நிமிசத்துல காஞ்சிரும். காஞ்ச ஓரத்துல அடுத்த கோடு இழுத்தா வரி விழத்தான் செய்யும். எங்க ஊர்ல பேனே வேண்டாம், ஜன்னலத் திறந்தாப் போதும், மூடியத் திறந்து வச்ச மார்க்கர் செத்துரும். என் அனுபவத்துல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்குப் பேன்தான் வில்லன்.

பழைய_பிரஷ் · வெள்ளி காலை 6:10
இதே கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. கேட்கும் முன் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. 24 மார்க்கர் வாங்கினால் ஓவியர் ஆகிவிட முடியாது. முதலில் ஒரு வருடம் பென்சிலில் ஒளி நிழல் பழகுங்கள். பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரில் மண்ணையும் கல்லையும் அரைத்துத் தீட்டியவன் எந்த செட்டும் வாங்கவில்லை.

தோவாளைப்பூ · 6:42
சாரே, அந்தப் பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை குடுக்கணுமாம். ஒரு வருசம் கழிச்சு எப்பிடிக் குடுக்கும்?

குளச்சல்_கிறுக்கி · 7:15
பேப்பர் நல்ல பேப்பர்தான், கட்டியா இருக்கும். பேன் ஓடுது. ஆஃப் பண்ணிப் பாத்தேன், வேர்த்துக் கை ஒட்டுனதுதான் மிச்சம்.

மைக்கூடு · 7:30
கட்டியா இருந்தா நல்ல பேப்பர்னு யார் சொன்னது? தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருக்கா?

குளச்சல்_கிறுக்கி · 7:34
ஆமா. டிராயிங் நோட்டு. கார்ட்ரிட்ஜ்னு போட்டிருக்கு.

மைக்கூடு · 7:58
பாதி விசயம் அங்கதான் இருக்கு. கார்ட்ரிட்ஜும் வாட்டர்கலர் பேப்பரும் மையை உறிஞ்சிக் குடிச்சிரும். இந்த மார்க்கர்ல ரெண்டு கலர் சேரணும்னா மை பேப்பர் மேல கொஞ்ச நேரம் ஈரமா நிக்கணும், அப்பதான் அடுத்த கலர்ல உள்ள ஆல்கஹால் முதல் சாயத்தை மறுபடி இளக்கும். மார்க்கருக்குன்னே வர்ற பேப்பர் 70 ஜிஎஸ்எம்தான் இருக்கும், மெலிசு. ஆனா மை அடியில இறங்காதபடி பூச்சு உண்டு. இல்லன்னா வழவழப்பான பிரிஸ்டல் அட்டை. ரெண்டும் இப்ப கிடைக்காதுன்னா, லேசர் பிரிண்டுக்குப் போடுற 100 ஜிஎஸ்எம் வழவழத் தாள் பிரிண்டு கடையில கேளுங்க. அடியில ஒரு வேஸ்டுத் தாள் வைங்க, மேசைக்கு இறங்கும்.

ஒரு சின்ன இடமா எடுத்துக்கோங்க, நெத்தின்னா நெத்தி மட்டும். வெளிர் கலர் போடுங்க, ஈரம் காயும் முன்ன நிழல் பக்கம் அடர் கலர், திரும்ப வெளிர் கலரை வச்சு அந்த ஓரத்தை உள்ளோட்டுத் தடவுங்க. முகம் முழுக்க ஒரு கலரை அடிச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்தா வரிதான் மிஞ்சும்.

திங்கள்சந்தை_ரவுண்டானா · 8:20
இவ்வளவு எதுக்கு? கலர்லெஸ் பிளெண்டர் ஒண்ணு வாங்கித் தேச்சா எல்லாம் கலந்துரும். பேருலயே இருக்குல்லா.

மைக்கூடு · 8:26
பேரை நம்பாதீங்க. அதுல சாயமே கிடையாது, வெறும் கரைப்பான். கலரைக் கலக்காது, தள்ளும். கன்னத்து நடுவுல வச்சா சட்டையில தண்ணி சொட்டுன மாதிரி வெளுத்த வட்டமும் சுத்தி அடர் ஓரமும் வரும். கோட்டுக்கு வெளிய போனதை உள்ள தள்ள மட்டும் உபயோகம்.

ஆரல்வாய்க்காத்து · 8:31
பேப்பர் என்னவோ இருக்கட்டும். பேன் போட்டுட்டே வரைஞ்சா பிரிஸ்டல்லயும் வரி விழும்.

தோவாளைப்பூ · 8:40
பேனையும் ஜன்னலையும் அடைச்சுட்டு ரெண்டு மணிக்கூறு இருந்துபாருங்க அண்ணே, மண்டையிடி வரும். காத்து மேசையில நேரா அடிக்காம இருந்தாப் போரும்.

வடசேரி_வாத்தியான் · 9:05
கலர் நம்பர் இன்னும் வரல்ல. காப்பிக் கம்பெனி மார்க்கர்னா ஈ (E) வரிசை, அதாவது பிரவுன், தோல் நிறங்கள், பாருங்க. எழுத்துக்கு அடுத்த முதல் எண் நிறம் எவ்வளவு மங்கல், கடைசி எண் எவ்வளவு அடர்த்தி. ஈ33, ஈ35, ஈ37 ஒரே குடும்பம், கடல்ல கிடந்த முகத்துக்குச் சரியா வரும். ஆழமான நிழலுக்கு ஈ29. வேற கம்பெனி நம்பர் இந்தக் கணக்குல ஓடாது, அதனால அதே பேப்பர்ல ஒரு கட்டம் போட்டுக் காயவிட்டுப் பாருங்க. ஈரத்துல அடர்த்தியாத் தெரியிறது காஞ்சா வெளிறும். மூடி கலரைப் பாத்து ஏமாற வேண்டாம்.

குளச்சல்_கிறுக்கி · 9:12
காப்பிக் இல்ல அண்ணே, அதுக்க விலைக்கு எங்க போக. இது வேற. செட்ல பாதிக்கு மேல ரோஸ்தான். பாட்டா நல்ல கறுப்பு.

திங்கள்சந்தை_ரவுண்டானா · 9:20
மாநிறம்னு சொல்லுங்க.

தோவாளைப்பூ · 9:24
ஏன், கறுப்புன்னா என்ன குறைஞ்சு போச்சு?

திங்கள்சந்தை_ரவுண்டானா · 9:27
குறைன்னு நான் சொன்னேனா? பரிசுப் படம், கொஞ்சம் தெளிவா இருந்தா நல்லதுன்னேன்.

தோவாளைப்பூ · 9:41
இந்தத் "தெளிவு"தான் எனக்க மாமா கல்யாண ஆல்பத்துல நடந்தது. ஸ்டுடியோக்காரன் வெளுத்த வெளுப்புல சொந்த அத்தையே மாப்பிள்ளை யாருன்னு கேட்டா. நாம படிக்கும்போது கலர்பெட்டியில வெளிர் ரோஸ் பென்சிலுக்கு ஸ்கின் கலர்னு பேரு. கிளாஸ்ல ஒருத்தருக்கும் அந்தத் தோல் கிடையாது, ஆனா எல்லாரும் அதைத்தான் முகத்துக்கு அடிப்போம்.

வடசேரி_வாத்தியான் · 9:55
அமெரிக்காவுல கிரேயோலாக்காரனே "தோல்"னு வச்ச பேரை 1962ல "பீச்"னு மாத்திட்டான். 24 தோல் நிறத்துக்குன்னே தனிப் பெட்டி வர 2020 ஆச்சு.

பழைய_பிரஷ் · 10:02
கேரள மியூரலில் (சுவரோவியத்தில்) சாத்வீகப் பாத்திரத்துக்கு, அதாவது நற்குணம் கொண்டவருக்கு, முகமே பச்சை. இது தெரியாமல் தோல் நிறம் பேசுகிறீர்கள்.

ஆரல்வாய்க்காத்து · 10:04
அப்ப பாட்டாவுக்குப் பச்சை அடிக்கச் சொல்லுதீங்களா சாரே?

மைக்கூடு · 10:30
கேட்டது பாட்டா முகத்தைப் பத்தி. அதுக்கு வருவோம். கறுத்த தோலுக்கு நிழல் வேணும்னு கருப்பையோ சாம்பலையோ எடுத்தா முகம் செத்துப்போகும். பிரவுன்லயே அடர்ந்தது எடுங்க, கண்ணுக்குழிக்கும் தாடைக்கு அடியிலயும் முதல்ல லேசா ஊதா போட்டு மேல பிரவுன் போடலாம். மூக்கு நுனி, காதுமடல்ல கொஞ்சம் செம்மண் சிவப்பு. ரோஸ் மார்க்கரை உள்ளங்கைக்கும் உதட்டுக்கும் வச்சுக்கோங்க. இந்த மை கண்ணாடி மாதிரி, அடர் மேல வெளிர் போட்டா மறைக்காது. வெளிச்சம் விழுற இடத்தையும் நரைச்ச தாடியையும் முதல்லயே விட்டுவிடுங்க.

ஆனா எனக்கு ஒண்ணு பிடிபடல்ல. பேப்பர்னால வரி வரும். சாம்பல் எங்கிருந்து வருது? சாம்பல் மார்க்கர் தொட்டீங்களா?

குளச்சல்_கிறுக்கி · மதியம் 1:17
இல்ல. பென்சில்ல ஷேடு பண்ணித்தான் மேல அடிச்சேன். 6பி, நல்ல கறுத்தது. விரலால தேச்சு நல்லா மிருதுவா ஆக்கிட்டு. அது தப்பா?

மைக்கூடு · 1:19
ஐயோ.

ஆரல்வாய்க்காத்து · 1:21
இதை நேத்து ராத்திரி 11:38க்குச் சொல்லிருக்கலாம்லா மக்கா.

மைக்கூடு · 1:40
பென்சில் கரித்தூள் மார்க்கர் மையில சேறாக் குழையும், நிப்புலயும் ஏறும். அந்த நிப்பை எங்க வச்சாலும் சாம்பல்தான். வேஸ்டுத் தாள்ல அசல் கலர் வர்ற வரைக்கும் கிறுக்குங்க, தெளிஞ்சிரும். புதுத் தாள்ல கோடு மட்டும், அதுவும் ரப்பரை ஒத்தி ஒத்தி எடுத்து, கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் வைங்க. நிழலை மார்க்கர் பாத்துக்கும். பால்பாயிண்ட்ல அவுட்லைன் போட்டுராதீங்க, அதுவும் கரையும். அந்தப் பழைய படத்தைக் காப்பாத்த முடியாது. தோல் சுருக்கமெல்லாம் காஞ்ச பிறகு கலர் பென்சில்ல போடலாம். பென்சிலுக்கு மேல திரும்ப மார்க்கர் போட்டா மெழுகு நிப்பை அடைச்சிரும்.

பழைய_பிரஷ் · 2:05
நான் பென்சில் பழகச் சொன்னது இதற்குத்தான்.

தோவாளைப்பூ · 2:06
அதுதான் சாரே பழகிட்டு வந்திருக்கு.

திங்கள்சந்தை_ரவுண்டானா · சனி இரவு 9:48
என்ன ஆச்சு? ஆளையே காணும்.

குளச்சல்_கிறுக்கி · செவ்வாய் மாலை 5:20
குடுத்தாச்சு. பிரிண்டு கடைத் தாள்தான். செட்ல மூணு பிரவுனும் ஒரு ஊதாவும்தான் செலவாச்சு, மத்ததெல்லாம் சும்மா கிடக்கு. பாட்டா கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பாத்தாவ. முகத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல்ல. வலையில கண்ணி சின்னதாப் போட்டுட்டேனாம், அதுல நெத்தோலிதான் படுமாம். மைக்கூடு அக்காவுக்கு தேங்ஸ்.

மைக்கூடு · 5:33
அண்ணன்.

கருங்கல்_புதுசு · புதன் காலை 10:11
எனக்கும் இதே பிரச்சனை, முகம் பச்சையடிக்குது. என்ன செய்ய?