யமஷிதா புதையல்: எங்கே தோண்டுவது, எதை வைத்துத் தேடுவது?

நண்பர்களே, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை ஒளித்துவைத்ததாகச் சொல்லப்படும் யமஷிதா தங்கத்தைத் தேட ஒரு யோசனை வேண்டும். பிலிப்பைன்ஸில், 1945 செப்டம்பரில் ஜப்பானியப் படைத்தலைவர் ஜெனரல் யமஷிதா சரணடைந்த கியாங்கான் பக்கம், நண்பர் ஒருவருக்கு மலைச்சரிவில் தோட்டம் இருக்கிறது. ஓரத்தில் பாதி மூடிய சுரங்க வாய். ஜப்பானியர் தோண்டியது என்கிறார்கள். அப்படி ஒரு தங்கமே இல்லை என்று வரலாற்றாய்வாளர்கள் பலர் சொல்வது தெரியும், அதற்காகத் திட்ட வேண்டாம்.

கையில் இருப்பது சாதாரண விஎல்எஃப் (மிகத் தாழ் அதிர்வெண்) உலோக டிடெக்டர். போன வாரம் செம்மண்ணில் வைத்ததும் ஓயாமல் கத்தியது. ஒரு சாண் தோண்டினால் துருப்பிடித்த தகர டப்பா, மூடி சுருண்டபடியே இருந்தது! காசு அளவுப் பொருளை ஓரடிக்குக் கீழே இது காட்டாது. இரும்புச்சத்து மண்ணுக்கு, மின்துடிப்புகளை அனுப்பித் தேடும் பல்ஸ் இண்டக்‌ஷன் டிடெக்டர் நல்லது என்கிறார்கள், ஆனால் அது ஆணியையும் தங்கத்தையும் சரியாகப் பிரித்துக் காட்டாதே? பெட்டி அளவுப் பொருளுக்கு இரட்டைப் பெட்டி டிடெக்டர் (அலை அனுப்பும் பெட்டியும் வாங்கும் பெட்டியும் தனித்தனியாக இருப்பது) வாங்கலாமா? தரை ஊடுருவும் ரேடார் ஈரக் களிமண்ணில் திணறும், அதனால் தயக்கம். அப்புறம், ஒரு கிலோமீட்டர் தள்ளியே தங்கம் காட்டும் என்று ஒருவர் ஆன்டெனாக் குச்சி விற்க வந்தார். திருப்பி அனுப்பிவிட்டோம்.

இடம் விஷயத்தில், புதையலைக் காட்டும் என்று சொல்லப்படும் பாறைக் குறிகளை நான் நம்பவில்லை. கொட்டிய மண்மேடு, பழைய பாதை, ஊர்ப் பெரியவர்கள் நினைவு, இவற்றில் எதை முதலில் பார்ப்பீர்கள்? அரசு அனுமதி வரும்வரை இனித் தோண்டப் போவதில்லை. வெடிக்காத குண்டு இருந்தால் எப்படி அடையாளம் காண்பது என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.