ஒருசந்தியும் சாமைச் சோறும்: செய்து பழகியவர்கள் சொல்வது

திண்டுக்கல்:
கத்தோலிக்கர் இருக்கும் நோன்பில் ஒருசந்தி வேறு, சுத்தபோசனம் வேறு. கோயில் பங்குகளில் இன்னமும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சுத்தபோசனம் என்பது இறைச்சியை விலக்குவது; 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி என்பது ஒரே ஒரு வேளை முழுச் சாப்பாடு. 18 நிறைந்ததிலிருந்து 59 நிறையும்வரை. இரண்டும் சேர்ந்து கட்டாயமாகிற நாள்கள் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளியும்தான். 1966இல் திருத்தந்தை 6ஆம் பவுல் தந்த ஒழுங்குப்படி காலையும் மாலையும் கொஞ்சம் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஆனாலும் நாளைத் தாங்குவது மத்தியானச் சாப்பாடு. அதனால்தான் அன்றைக்குச் சாமை நல்லது. பளிச்சென்று வெளுத்த சாமை வாங்காதீர்கள், தவிடு போய்விட்டிருக்கும். மங்கலான பழுப்பில் இருக்கட்டும். பழைய வாடை அடித்தால் தவிட்டு எண்ணெய் கெட்டுவிட்டது. எத்தனை முறை கழுவினாலும் கசக்கும்.

மதுரை:
சாமையில் முதல் வேலை அரிப்பது. கல்லும் மணியும் ஒரே அளவு, புடைத்தால் பிரியாது. தண்ணீர் விட்டுச் சுழற்றி, மிதந்து வருவதை மட்டும் அடுத்த பாத்திரத்தில் சாய்க்க வேண்டும். மூன்று தடவை செய்தால் கல் அடியில் தங்கிவிடும். பிறகு 20 நிமிடம் ஊறவைத்து நன்றாக வடித்துவிடுங்கள்.

200 மில்லி டம்ளரில் ஒன்று சாமைக்கு இரண்டு தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே சாமையைப் போட வேண்டும். பச்சைத்தண்ணீரில் போட்டால் அடியில் கட்டிக்கொள்ளும். மறுபடி கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி, எட்டிலிருந்து பத்து நிமிடம். மேலே சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். நடுவில் கிளறவே கூடாது. கிளறினால் மாவு வெளிவந்து சோறு களியாகும். கடைசியில் கரண்டிக் காம்பால் உதிர்த்தால் போதும்.

தூத்துக்குடி:
மேலே சொன்ன தண்ணீர் பாத்திரத்துக்குச் சரி. குக்கரில் ஆவி அவ்வளவாக வெளியே போகாது, ஊறிய சாமைக்கு ஒன்றேமுக்கால் டம்ளர் போதும். சிறு தீயில் இரண்டு விசில், பிரஷர் தானாக அடங்கட்டும்.

நாகர்கோவில்:
தொட்டுக்கொள்ள சிறுபயறு. பெரிய வெள்ளிக்குக் கஞ்சியும் பயறும் வைக்கிற வீடுகளுக்குப் புதிதல்ல. கஞ்சி இருந்த இடத்தில் சாமை. 100 கிராம் பயற்றைக் குக்கரில் மூன்று விசில் விட்டு, உப்பைப் பிறகு போடுங்கள். அரை மூடித் தேங்காய்த் துருவல், நாலு சின்ன வெங்காயம், ஒரு பச்சைமிளகாய், கால் தேக்கரண்டி சீரகம் எல்லாவற்றையும் ஒன்றிரண்டாகத் தட்டிச் சேர்த்து, இரண்டு நிமிடம் தேங்காயெண்ணெயில் புரட்டினால் ஆயிற்று. மையாக அரைத்தால் குழம்பாகிவிடும். சாமை உலர்ந்த சோறு, பயறு கொஞ்சம் ஈரமாக இருந்தால்தான் தொண்டையில் இறங்கும்.

திருச்சி:
ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், நோயாளிகள் ஒருசந்தி இருக்க வேண்டியதில்லை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கைநடுக்கம், வியர்வை வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதற்கு முந்திய ஒரு மணி நேர உபவாசத்தையும் தண்ணீரும் மருந்தும் முறிக்காது.

மதுரை:
மாலைக்கு மீந்த சாமையில் ஒரு கைப்பிடி, மோர், உப்பு. ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் மணி விறைத்துப்போகும். தண்ணீர் தெளித்து மூன்று நிமிடம் ஆவியில் காட்டி, ஆறிய பிறகு மோர் ஊற்றுங்கள். சூட்டில் ஊற்றினால் மோர் திரிந்துவிடும்.