சிகாகோவில் ஹாஃப்வே ஹவுஸில் இருக்கும் தம்பியை டர்பனிலிருந்து போய்ப் பார்ப்பது எப்படி?

அம்கேனி அக்கா (டர்பன், தென்னாப்பிரிக்கா):
எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி ரொம்ப வருடமாக அமெரிக்காவில் இருக்கிறான், அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டான். ஒரு பண வழக்கில் பெடரல் சிறைக்குப் போனான். அந்தக் கதை இங்கே வேண்டாம். சிறையில் இருந்தவரை கார்லிங்க்ஸ் என்ற சிறை மின்னஞ்சல் சேவை வழியாக எழுதிக்கொள்வோம். திடீரென்று அது நின்றுபோனது. சிறைத்துறையின் இணையதளத்தில் அவன் எண்ணைப் போட்டுத் தேடினால் "சிகாகோ ஆர்.ஆர்.எம்." என்று மட்டும் வருகிறது, முகவரி இல்லை. ஹாஃப்வே ஹவுஸுக்கு, அதாவது தண்டனையின் கடைசிக் காலத்தில் வைத்திருக்கும் விடுதிக்கு, மாற்றியிருப்பார்கள் என்று அவனுடைய பழைய நண்பர் சொன்னார். அவனை எப்படித் தொடர்புகொள்வது? அம்மாவுக்கு 78 வயது, கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்கிறார். கூட்டிக்கொண்டு போனால் விடுவார்களா? காவடிக்குள் திரும்பிவிட வேண்டும், அதற்காகவும்தான் கேட்கிறேன்.

சாண்டன் புதுசு:
அக்கா, விசாவே கஷ்டம். தம்பி சிறையில் என்று தெரிந்தால் தூதரகத்தில் தர மாட்டார்கள். சுற்றுலா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

லெனேசியா மாமா:
சாண்டன் தம்பி, தயவுசெய்து இப்படி யோசனை சொல்லாதீர்கள். விசாவுக்கு நிரப்பும் டி.எஸ்.160 படிவத்திலேயே அமெரிக்காவில் கூடப்பிறந்தவர் இருக்கிறாரா என்று கேட்கிறார்கள். மறைத்தால்தான் வம்பு. அவன் செய்த குற்றத்துக்கு அக்காவின் விசாவை மறுக்கச் சட்டம் கிடையாது. திரும்பி வருவீர்களா, செலவுக்குப் பணம் இருக்கிறதா, இதைத்தான் பார்ப்பார்கள்.

அக்கா, என் மகன் ஹூஸ்டனில் இப்படி ஒரு வீட்டில் இருந்துவிட்டு வந்தவன். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஆர்.ஆர்.எம். என்பது உங்கள் தம்பி இருக்கும் கட்டடம் இல்லை, அந்தப் பகுதி ஹாஃப்வே ஹவுஸ் வீடுகளை மேற்பார்வை பார்க்கும் சிறைத்துறை அலுவலகம். வீடுகளை நடத்துவது ஒப்பந்தம் எடுத்த நிறுவனங்கள், சில ஊர்களில் சால்வேஷன் ஆர்மி போன்ற தொண்டு அமைப்புகள். எந்த வீடு என்று தளத்தில் வராது. வீட்டின் எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டாலும் யார் இருக்கிறார், இல்லை என்று பெரும்பாலும் வாய் திறக்க மாட்டார்கள். கோபப்படாதீர்கள், அது அவர்கள் விதி.

அவனே கூப்பிடுவான், பொறுங்கள். சிறையில் மாதத்துக்கு இத்தனை நிமிடம்தான் பேசலாம் என்று இருந்தது இல்லையா? இங்கே அந்தக் கெடுபிடி இல்லை. பல வீடுகளில் கைபேசி வைத்துக்கொள்ளலாம், சில இடங்களில் கேமரா உள்ளதை அனுமதிப்பதில்லை. கார்லிங்க்ஸ் சிறையோடு சரி. சிறைக்கணக்குக்குப் பணம் அனுப்புவதையும் நிறுத்திவிடுங்கள். வந்த புதிதில் போன் வாங்க, சிம் போட, அடையாள அட்டை எடுக்க நாள் பிடிக்கும். நம் வீட்டில் அந்த நாட்களில் என் மனைவி போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். சிகாகோ நம்மைவிட எட்டு மணி நேரம் பின்னால், அவர்களுக்குக் கோடை என்றால் ஏழு. அவன் வேலை முடிந்து வரும்போது உங்களுக்கு நடுராத்திரி.

வேலை என்றேனே, அதுதான் அங்கே எல்லாவற்றுக்கும் அச்சாணி. வந்து பதினைந்து நாளுக்குள் வாரம் நாற்பது மணி நேர வேலை தேடிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பிடித்தம் போவதற்கு முன் உள்ள சம்பளத்தில் 25 சதவீதம் அந்த ஹாஃப்வே ஹவுஸில் தங்கும் செலவுக்குக் கட்ட வேண்டும். வெளியே போகும்போதும் வரும்போதும் கையெழுத்து. இரவிலும் எண்ணிப் பார்ப்பார்கள்.

பார்வை நேரத்தை ஒவ்வொரு வீடும் தானே வைத்துக்கொள்கிறது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். கண்ணாடி தடுப்பெல்லாம் கிடையாது, ஒரு பொது அறையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். ஆனால் இதை மட்டும் நம்பி அவ்வளவு தூரம் போகாதீர்கள், நேரம் சட்டென்று ஓடிவிடும். பாஸ் என்று ஒன்று தருகிறார்கள். ஒழுங்காக இருந்தால் பகலுக்கோ வார இறுதிக்கோ ஒப்புதல் பெற்ற முகவரிக்குப் போய் வரலாம். உறவினர் அல்லது நண்பர் வீடு என்றால் அதை முன்னாலேயே சரிபார்ப்பார்கள். நீங்கள் எடுக்கும் ஓட்டல் அறைக்குச் சும்மா வந்துவிட முடியாது. அவன் பாஸ் உறுதியான பிறகு டிக்கெட் போடுங்கள்.

இன்னொன்று. இந்த வீட்டில் வைத்திருப்பது அதிகபட்சம் ஒரு வருடம் என்று 2008 சட்டம் வந்தபோது வைத்தார்கள். 2018 சட்டப்படி அவன் சேர்த்த தண்டனைக் கழிவு நாட்கள் இருந்தால் கணக்கு மாறும். கடைசியில் சிலரை வீட்டுக்காவலுக்கு அனுப்புவார்கள். அம்மாவுக்கு உடம்பு தாங்கும் என்றால், அதுவரை பொறுத்துப் போவதே மேல் என்பது என் கருத்து. அப்போது அவன் தன் வீட்டிலேயே இருப்பான். ஆனால் 78 வயதில் எதைக் காத்திருக்கச் சொல்வது, அது உங்கள் கையில்.

அம்கேனி அக்கா:
மாமா, ரொம்ப நன்றி. விடுதலை ஆனதும் அவனே இங்கே வந்துவிட முடியாதா? அம்மா அதைத்தான் கேட்கிறார். அப்புறம், அம்மா கையால் செய்த குருமாவும் இனிப்பும் கொண்டுபோகலாமா?

லெனேசியா மாமா:
உடனே முடியாது. விடுதலைக்குப் பிறகும் பெரும்பாலும் சில வருடம் நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பு இருக்கும். நாட்டைவிட்டு வெளியே போக அவருடைய அனுமதியோ நீதிமன்றத்தின் அனுமதியோ வேண்டும். நல்லபடியாக நடந்துகொண்டால் கிடைக்கிறது, ஆனால் முதல் மாதங்களில் எதிர்பார்க்காதீர்கள்.

டோங்காட் கவிதா:
குருமாவா? அக்கா, நல்ல வேளை கேட்டீர்கள்! கசகசா போடவே கூடாது. ஹாஃப்வே ஹவுஸில் அடிக்கடி சிறுநீர்ப் பரிசோதனை எடுப்பார்கள். கசகசா சாப்பிட்டாலே ஓபியம் வகைப் போதைப்பொருள் என்று காட்டிவிடக்கூடும், பையனைத் திரும்பச் சிறைக்கே அனுப்பிவிடக்கூடும். மூச்சுப் பரிசோதனையும் உண்டு, அதனால் சாராயம் கலந்த இருமல் மருந்து, வாய்க் கொப்பளிக்கும் திரவம் எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். வீட்டுச் சமையலை உள்ளே விடுவார்களா என்பது அந்தந்த வீட்டைப் பொறுத்தது. பல இடங்களில் விடுவதில்லை, தம்பியிடமே கேளுங்கள். பாஸில் வெளியே வந்தால் அங்கே உள்ள சொந்தக்காரர் வீட்டு அடுப்பில் அம்மாவே சமைத்துப் போடட்டும், தேங்காயும் முந்திரியும் அரைத்து.

அம்கேனி அக்கா:
கசகசா இல்லாமல் குருமாவா என்று அம்மா முகம் சுளிக்கிறார். சொல்லிப் புரியவைக்கிறேன். தம்பி நேற்று ராத்திரி கூப்பிட்டான், புது எண்ணிலிருந்து. பாஸ் பற்றி இந்த வாரம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.