ரிஞ்சா தீவில் பார்த்த ஓரா (கொமோடோ டிராகன்)

பெரியம்மா: (பகிரப்பட்ட செய்தி) கொமோடோ டிராகனின் வாய் முழுக்கக் கொடிய கிருமிகள்! கடித்தால் ஒரே நாளில் மரணம்! அனைவருக்கும் பகிரவும்!!

பெரியம்மா: நம் பிள்ளை அந்தத் தீவுக்குத்தானே போயிருக்கிறான்? யாராவது பேசினீர்களா?

சித்தப்பா: காலையில் இந்தோனேசியாவின் லாபுவான் பாஜோ துறைமுகத்தில் படகு ஏறினான் அண்ணி. அங்கே சிக்னல் இருக்காது.

அண்ணன்: கரைக்கு வந்துவிட்டேன் பெரியம்மா, நன்றாக இருக்கிறேன். ரிஞ்சா தீவில் இறங்கி நடந்தோம். வனக்காவலர் கையில் கவைக்கம்பு ஒன்றோடு முன்னால் போனார்.

அம்மா: எத்தனை அடி தள்ளி நின்றாய்? உண்மையைச் சொல்.

அண்ணன்: பதினைந்து அடி இருக்கும் அம்மா. மரநிழலில் அந்த ராட்சதப் பல்லி கிடந்தது. கட்டை என்றுதான் நினைத்தேன், நாக்கை நீட்டிய பிறகே தெரிந்தது. மஞ்சள் நாக்கு, நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறது. மெதுவாக வெளியே வந்து காற்றைத் தடவிவிட்டு உள்ளே போகிறது. வாயோரம் எச்சில் கயிறு மாதிரித் தொங்கியது. மோப்பம் பிடிப்பதே அந்த நாக்கால்தான். காற்று சாதகமாக வீசினால், பல கிலோமீட்டர் தள்ளிச் செத்துக்கிடக்கும் மானைக்கூடத் தேடிப் போய்விடுமாம்.

குட்டி (சித்தப்பா போனில்): எவ்வளவு பெரியது அண்ணா?

அண்ணன்: பெரிய ஆண் 3 மீட்டர் வரை வளரும்டா. 70 கிலோவுக்கு மேல் இருக்கும். நம் ஊர் உடும்புக்கு இது நெருங்கிய சொந்தம். நடையும் அதே நடை, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்து வளைத்து.

பெரியம்மா: அந்தக் கிருமி விஷயம்?

அண்ணன்: அதை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் பெரியம்மா. விஞ்ஞானிகளே ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். 2009இல்தான் கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பி இருப்பதைக் காட்டினார்கள். அது இரத்தத்தை உறையவிடாது, இரத்த அழுத்தத்தையும் இறக்கிவிடும். ஆனால் முதல் வேலை பல்லுக்குத்தான். சுமார் 60 பல், ஒவ்வொன்றும் கதிர் அறுக்கும் கருக்கரிவாள் மாதிரி வளைந்து, ஓரத்தில் ரம்பமாக இருக்கும். பல் நுனியில் இரும்பு படிந்திருப்பதை 2024இல் கண்டுபிடித்தார்கள். முதலை மாதிரி நசுக்குகிற பலம் தாடைக்குக் கிடையாது. கவ்வியதும் பின்னால் இழுத்துக் கிழிக்கும்.

சித்தப்பா: துரத்திப் பிடிக்குமா, பதுங்கிப் பாயுமா?

அண்ணன்: பெரும்பாலும் பதுங்கித்தான் சித்தப்பா. மான் நடக்கும் தடத்தோரம் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பக்கத்தில் வந்ததும் காலையோ வயிற்றையோ பிடிக்கும். எருமை சில நேரம் காயத்தோடு தப்பிப் போய்ச் சேற்றுத் தண்ணீரில் நிற்கும், அங்கே புண் சீழ்பிடிக்கும். கிருமிக் கதையே இதிலிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும் என்கிறார்கள். இரை விழுந்துவிட்டால் ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை தின்றுவிடும்.

அம்மா: பாவம் அந்த மான்.

குட்டி: குட்டி டிராகன் பார்த்தீங்களா?

அண்ணன்: பார்த்தேன்டா! இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முட்டையிலிருந்து வரும்போது ஒரு முழம்கூட இருக்காது. வந்ததும் மரத்தில் ஏறிவிடும். கீழே நின்றால் பெரியவை பிடித்துத் தின்றுவிடும். அதனால் பூச்சியும் பல்லியும் தின்று சில வருடம் மேலேயே வாழும். பெரியவை நெருங்காமலிருக்கச் சாணத்தில் புரளுமாம்.

பெரியம்மா: பெற்ற தாய் எங்கே போய்விட்டாள்?

அண்ணன்: முட்டையைச் சில மாதம் காவல் காப்பாள் பெரியம்மா. பொரிக்க ஏழெட்டு மாதம் ஆகும், அதற்குள் போய்விடுவாள்.

அம்மா: மனசு கேட்கவில்லை எனக்கு. அந்த ஊர்க்காரர்கள் பயமில்லாமல் எப்படி இருக்கிறார்கள்?

அண்ணன்: அவர்கள் இதை ஓரா என்கிறார்கள் அம்மா. ஒரு தாய்க்கு இரட்டையாக ஒரு மனிதப் பிள்ளையும் ஒரு ஓராவும் பிறந்ததாக ஒரு கதை வைத்திருக்கிறார்கள். இது கூடப்பிறந்த பிறப்பு அவர்களுக்கு. இந்தோனேசியாவின் இந்தச் சில தீவுகளைத் தவிர வேறெங்கும் காட்டில் இது கிடையாது. கடல் மட்டம் ஏறி, அடுத்த 45 வருடத்தில் வாழிடத்தில் 30 சதவீதமாவது போய்விடும் என்று 2021இல் அழியும் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து அந்தக் குட்டி டிராகன் ஞாபகமாகவே இருக்கிறது.

குட்டி: படம் அனுப்புங்க அண்ணா

அண்ணன்: (படம்) இரண்டாவது கிளையில் இடது பக்கம் பார். மஞ்சள் புள்ளி தெரியும்.

குட்டி: கண்டுபிடித்துவிட்டேன்!! வால் மட்டும் தொங்குகிறது