பெட்டி லவெட்டின் 2005 ஆல்பம்: பத்தும் பிறர் எழுதிய பாடல்கள், இருந்தும் அவருடையதாக ஒலிப்பது எப்படி?

கேள்வி

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உருவான சோல் இசையின் பாடகி பெட்டி லவெட்டின் ‘ஐவ் காட் மை ஓன் ஹெல் டு ரெய்ஸ்’ ஆல்பத்தை ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதிலுள்ள பத்துப் பாடல்களையும் பெண்களே எழுதியிருக்கிறார்கள்; லவெட் எழுதியது ஒன்றுகூட இல்லை. சினேட் ஓ’கானர், லூசிண்டா வில்லியம்ஸ், டாலி பார்ட்டன், ஜோன் ஆர்மட்ரேடிங், ஃபியோனா ஆப்பிள் என்று ஒருவர் பாணிக்கும் மற்றவர் பாணிக்கும் ஒட்டே இல்லாதவர்கள். ஆனாலும் கேட்டு முடிக்கும்போது ஒரே பெண்மணி தம் கதையைச் சொல்லி முடித்தது போலிருக்கிறது.

எழுதுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்பதற்குப் பழகிப்போன நமக்கு இதில் வியப்பிருக்கக் கூடாதுதான். ஆனால் தாமே எழுதிப் பாடுபவருக்கே கூடுதல் மதிப்பு என்று 1960களுக்குப் பிறகு ஆகிவிட்ட ஒரு சூழலில், 59 வயதில் பிறர் பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் ‘மறுவருகை’ புரிந்தார் என்கிறார்கள். பாடல்களில் அவர் அப்படி என்னதான் செய்தார்? இதில் பாடகிக்கு எவ்வளவு பங்கு, தயாரிப்பாளருக்கு எவ்வளவு பங்கு?

பதில் 1

முதலில் ‘மறுவருகை’ என்ற சொல்லைப் பற்றி. லவெட் 16 வயதில், 1962இல், டெட்ராய்ட்டில் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்து, அது ஓரளவு ஓடவும் செய்தது. பத்தாண்டு கழித்து அலபாமா மாநிலத்தின் மஸில் ஷோல்ஸில் ஒரு முழு ஆல்பத்தையே பாடி முடித்தார். நிறுவனம் காரணம் எதுவும் சொல்லாமல் அதை அலமாரியில் போட்டுவிட்டது. பிரெஞ்சு சேகரிப்பாளர் ஒருவர் அந்த ஒலிநாடாவைத் தேடிப் பிடித்து 2000இல் வெளியிட்ட பிறகுதான் அப்படியொன்று இருந்ததே வெளியுலகுக்குத் தெரிந்தது. இடையில் 1982இல் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் ஓர் ஆல்பம் வந்தது. மற்றபடி மேடை இசை நாடகமும் சிறிய விடுதிக் கச்சேரிகளுமாகவே காலம் போயிற்று. வராதவர் எப்படித் திரும்பி வர முடியும்? 2003இல் வந்த அவருடைய ஆல்பத்துக்கு ‘மறுவருகை’ என்ற பிரிவிலேயே ஒரு புளூஸ் விருதைக் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

பதில் 2

என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். லூசிண்டா வில்லியம்ஸின் ‘ஜாய்’ பாடலை மூலத்தோடு சேர்த்து வைத்துக் கேளுங்கள். தன் மகிழ்ச்சியைத் தன்னிடமிருந்து பறித்துக்கொண்டவனிடம் அதைத் திருப்பிக் கேட்டு ஊர் ஊராகத் தேடிப் போகும் பாட்டு அது. மூலத்தில் வெஸ்ட் மெம்ஃபிஸ், ஸ்லைடெல் என்ற தென்னக ஊர்கள் வருகின்றன. லவெட் அவற்றை எடுத்துவிட்டு, டெட்ராய்ட், மஸில் ஷோல்ஸ் என்று தம் ஊர்களை வைத்துவிட்டார். முந்தைய பதிலைப் படித்தவர்களுக்கு மஸில் ஷோல்ஸ் என்ற பெயர் அந்த வரியில் விழும்போது என்ன ஆகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு ஊர்ப் பெயர்களை மாற்றியதில், ஒரு காதல் சண்டைப் பாட்டு, 33 ஆண்டுகளாகத் தீராத வேறொரு கணக்கைக் கேட்கும் பாட்டாகிவிட்டது.

இதற்கு நேர்மாறானது முதல் பாட்டு. ஓ’கானர் 1990இல் அதைத் துணை இசை ஏதுமின்றிப் பாடியிருந்தார். லவெட்டும் அவ்வாறே பாடுகிறார். சுருதிக்குக்கூட ஒரு கருவி இல்லை. ஆக, மாறியிருப்பது தொண்டை மட்டும்தான். தன்னிடம் இல்லாத எதையும் தான் விரும்பவில்லை என்ற கருத்தை இருபதுகளில் இருப்பவர் பாடினால் அது ஒரு விரதம் போல ஒலிக்கும். அறுபதை நெருங்கியவர் அந்தக் கரகரத்த குரலில் அதையே சொல்லும்போது, இதை முழுவதும் நம்பித்தான் சொல்கிறாரா என்ற ஐயம் நமக்கே எழுகிறது. அந்த ஐயத்தில்தான் எனக்குப் பாட்டு பிடித்துப்போனது.

ஆல்பத்தின் தலைப்பும் ஃபியோனா ஆப்பிள் பாட்டின் வரியிலிருந்து எடுத்ததே. ‘என் பங்குக்கு நான் செய்ய வேண்டிய ரகளை இன்னும் பாக்கியிருக்கிறது’ என்பது போன்ற பொருள். அந்தப் பாட்டு 1996இல் வெளியானபோது ஆப்பிளுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

பதில் 3

நானும் ரசித்த ஆல்பம்தான் என்றாலும் இங்கே பாராட்டு ஒரே பக்கமாகச் சாய்கிறது. மூத்த பாடகர் ஒருவரை அழைத்து, சமகாலத்தவர் எழுதிய பாட்டுகளைக் கையில் கொடுத்து, ஆடம்பரமின்றி ஒலிப்பதிவு செய்வது அதற்குள் தேர்ந்த சூத்திரமாகிவிட்டிருந்தது. 1994இல் தயாரிப்பாளர் ரிக் ரூபின், கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் கைவிட்டிருந்த கன்ட்ரி பாடகர் ஜானி கேஷை ஒற்றை கிட்டாருடன் உட்கார வைத்துப் பாட வைத்தார். லவெட்டின் ஆல்பத்தைத் தயாரித்த ஜோ ஹென்றியே 2002இல் மூத்த சோல் பாடகர் சாலமன் பர்க்குக்கும் இதைச் செய்து, அந்த ஆல்பம் கிராமியும் வாங்கியது. டாம் வெயிட்ஸ், எல்விஸ் காஸ்டெல்லோ, வான் மாரிசன் ஆகியோரின் பாட்டுகள் அதில் உண்டு. பெண்கள் எழுதிய பாட்டுகள் மட்டும் என்பது இந்தச் சூத்திரத்தில் சேர்த்த ஒரு புதுச் சரக்கு. ஒரு வேறுபாட்டை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: கேஷ் தாமே பாட்டெழுதுபவர் என்பதால் அவருடைய ஆல்பத்தில் சொந்தப் பாட்டுகளும் இடையிடையே இருந்தன. லவெட்டுக்கு அந்த வசதி கிடையாது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. துணைக்கேள்வி ஒன்று: ஊர்ப் பெயரையெல்லாம் மாற்ற எழுதியவரின் அனுமதி வேண்டாமா? இப்படிப் பாடினால் பாடகருக்கு என்ன மிஞ்சும்?

பதில் 4

அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பாட்டு உரிமையாளரின் இசைவுடன் ஒருமுறை வெளியாகிவிட்டால், சட்டம் நிர்ணயித்த கட்டணத்தைச் செலுத்தி யார் வேண்டுமானாலும் அதைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்யலாம். தம் பாணிக்கேற்ப இசையமைத்துக்கொள்ளவும் இடமுண்டு. அடிப்படை மெட்டையும் பாட்டின் தன்மையையும் மாற்றக் கூடாது என்பதே எல்லை; சொற்களில் கைவைக்கும்போதுதான், கேட்டுச் செய்வது பாதுகாப்பு. 2005இல் அந்தக் கட்டணம் ஐந்து நிமிடம் வரையுள்ள பாட்டுக்குப் பிரதி ஒன்றுக்கு 8.5 சென்ட். பத்துப் பாட்டுள்ள ஆல்பம் ஒன்று விற்றால் 85 சென்ட் எழுதியவர்கள் பக்கம் போய்விடும். மேலும், அந்நாட்டில் வழக்கமான வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கே பணம், பாடியவருக்கு ஒன்றுமில்லை. ஆகவே லவெட் போன்றவர்களுக்குக் கச்சேரி மேடைதான் சோறு போடுவது.

சூத்திரம் என்று சொன்ன நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 2007இல், வெளியான அடுத்த ஆல்பத்தை லவெட் மஸில் ஷோல்ஸுக்கே போய்ப் பதிவு செய்தார். உடன் வாசித்த ராக் குழுவின் பேட்டர்சன் ஹூட், அந்த ஊரின் புகழ்பெற்ற பேஸ் கிட்டார் கலைஞர் டேவிட் ஹூட்டின் மகன். லவெட் தம் கதையைச் சொல்லச் சொல்ல, அந்தப் பேச்சையே பேட்டர்சன் பாட்டாகக் கோத்தார். ஆல்பத்தில் மற்றவையெல்லாம் வழக்கம்போல் பிறர் பாட்டுகள்தான். இந்த ஒன்றில் மட்டும், எழுதியவர் என்ற இடத்தில் பேட்டர்சன் ஹூட்டின் பெயரோடு லவெட்டின் பெயரும் இருக்கிறது. அதன் தலைப்பு, தமிழில் சொன்னால், ‘பணம் வருவதற்கு முன்னால்’.