வீட்டில் கட்டிய ஆட்டோ கேஹெச் மெஷின் 7.4, கை கிட் 8.6: எதை நம்ப?

விளவங்கோடு ரீஃப்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பவளத் தொட்டி 3 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரம். சம்ப்பும் (கீழ இருக்கிற வடிகட்டுத் தொட்டி) சேத்து, கல்லு போக 180 லிட்டர் வெள்ளம். மாண்டிப்போரா, ஹேமர், டார்ச் பவளங்க கிடக்கு. எல்லாம் தொட்டியில் வளந்த துண்டுதான்.

கேஹெச்சை (வெள்ளத்தோட காரத்தன்மை) தானா அளக்கிற மெஷின், இஎஸ்பி32ங்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில் கட்டினது. சாம்பிளுக்கு ஒரு பெரிஸ்டால்டிக் பம்ப் (ரோலர் டியூபை அமுக்கித் தள்ளுற வகை), ஆசிட்டுக்கு ஒண்ணு, வடிகாலுக்கு ஒண்ணு, காந்தக் கலக்கி, பிஹெச் புரோப். 50 மில்லி சாம்பிள் எடுத்து 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டா விடும், பிஹெச் 4.5 வந்தா நிறுத்திக் கணக்குப் போடும். ஒரு நாளைக்கு 4 டெஸ்ட். ஒவ்வொண்ணுக்கும் முன்ன 50 மில்லி அலசல். டியூப் எல்லாம் சாதா சிலிக்கான்.

கேஹெச்சை ஏத்துற கரைசலைத் தொட்டிக்குத் தானா ஊத்துற டோசரில் லிட்டருக்கு 60 கிராம் ஆப்ப சோடா. மெஷின் 8.0க்குக் கீழ காட்டினா டோசர் தானா கூடும். கால்சியம் தனி பம்ப், மாறாத அளவு.

ஆறு வாரம் முன்ன மெஷினும் கை கிட்டும் ஒண்ணுபோல 8.0 காட்டிச்சு. இப்ப மெஷின் 7.4, சொட்டுக் கிட் 8.6. டோசர் நாளுக்கு 63 மில்லியில இருந்து 74க்கு ஏறியாச்சு. கால்சியம் 420ல இருந்து 385, மெக்னீசியம் 1320ல இருந்து 1210. மாண்டிப்போரா ஓரம் வெளுக்குது. புரோப் கெட்டுப்போச்சா? கால்சியம் டோஸைக் கூட்டணுமா?

கடுக்கரை டைட்ரேஷன்:

தம்பி, முதல் வேலையா டோசரை மெஷினில் இருந்து பிரிச்சுடுங்க. 63 மில்லிக்கே திருப்பி வச்சு, டைமரில் ஓட விடுங்க. மத்ததை அப்புறம் பாக்கலாம்.

புரோப் மேல எல்லாரும் முதலில் பழி போடுவாங்க. கணக்குப் பாத்தா அது சின்னத் திருடன்தான். 4.5 பக்கத்தில் புரோப் 0.1 பிஹெச் தப்பினா முடிவில் ஏறத்தாழ 0.1 டிகேஹெச் (கேஹெச்சோட அலகு) தான் மாறும். உங்க வித்தியாசம் 1.2. புரோப்பை மட்டும் குத்தம் சொல்லணும்னா அது ரொம்பவே தப்பியிருக்கணும். அவ்வளவு கெட்ட புரோப்னா ரீடிங் பெரும்பாலும் ஒரு நிலையில் நிக்காது, தாறுமாறா ஆடும்.

பெரிய திருடன் பம்ப் டியூப். எப்படின்னு பாருங்க. 8.0 டிகேஹெச்னா லிட்டருக்கு 2.86 மில்லி ஈக்விவலன்ட் (ஆசிட்டை ஈடுகட்டுற அளவு). 50 மில்லியில் 0.143. அதுக்கு 0.1 நார்மல் ஆசிட் 1.43 மில்லி போதும். ஒரு டெஸ்டுக்கு ஆசிட் பம்ப் ஒண்ணரை மில்லிகூடத் தள்ளாது. சாம்பிள் பம்ப் அலசலோட சேத்து 100 மில்லி இழுக்குது. எந்த டியூப் முதலில் தேயும்? சிலிக்கான் டியூப் ரோலர் ஏறி ஏறித் தளர்ந்துபோனா ஒரு சுத்துக்கு வர்ற வெள்ளம் குறையும். மெஷின் 50 மில்லின்னு நினைச்சுக்கிட்டிருக்கும், பாத்திரத்தில் 43 தான் இருக்கும். ஆசிட் குறைவாச் செலவாகும், ரீடிங் இறங்கும், டோசர் கூட்டும், தொட்டியில் நிஜமா ஏறும். ரீடிங்கும் நிஜமும் எதிரெதிர்த் திசையில் ஓடுறதுக்குக் காரணம் இதுதான். 7.4ஐ 8.6ஆல வகுத்தா 0.86. ஐம்பதில் 43.

தேய்ஞ்சது ஆசிட் டியூப்னா நேர் எதிரா நடந்திருக்கும்: மெஷின் கூடக் காட்டும், டோசர் குறைக்கும், கேஹெச் சரியும்.

செய்ய வேண்டியது: சாம்பிள் லைன் முனையை அளவு ஜாடியில் விட்டு ஒரு முழு சாம்பிளை ஓட்டி அளங்க, மூணு தடவை. மூணும் ஒண்ணுபோலக் குறைஞ்சிருந்தா டியூப். ஒண்ணு 49, ஒண்ணு 41ன்னு ஆடினா எங்கேயோ காத்து இழுக்குது, இல்ல உறிஞ்சு முனையில் அழுக்கு. ஆசிட் பம்ப்பைச் சொட்டா அளக்க முடியாது. 10 மில்லி ஓட்டி, 0.01 கிராம் தராசில் நிறுங்க.

இனி கால்சியம். 420க்கு 385, 1320க்கு 1210. ரெண்டும் ஒரே விகிதத்தில், 8 சதவீதம் சொச்சம் இறங்கியிருக்கு. பவளம் தின்னா இப்படி ஒரே விகிதத்தில் இறங்காது. மெக்னீசியத்தை அது கொஞ்சம்தான் எடுக்கும். உப்பை அளந்தீங்களா? அதை எழுதவே இல்லையே.

பாறசாலை உப்புவெள்ளம்:

டைட்ரேஷன் அண்ணன் சொன்னது சரி. அதோட ஒண்ணு: கை கிட்டையும் கண்ணை மூடி நம்பாதீங்க. ஹன்னா கம்பெனியோட டிகேஹெச் செக்கர் கருவிக்கே கம்பெனி சொல்ற பிழை 0.3 கூட்டல் ரீடிங்கில் 5 சதவீதம். 8ல அது 0.7 வரும். ரெண்டு கடிகாரம் ரெண்டு நேரம் காட்டினா மூணாவது ஒண்ணு வேணும். அது கேஹெச் எவ்வளவுன்னு முன்னமே தெரிஞ்ச ஸ்டாண்டர்ட் கரைசல், வீட்டிலேயே செய்யலாம்.

லேப் தரச் சோடியம் பைகார்பனேட் 3.00 கிராம் நிறுத்து, ஆர்ஓ டிஐ வெள்ளத்தில் (உப்பெல்லாம் வடிகட்டின சுத்த வெள்ளம்) 1 லிட்டருக்குக் கரைங்க. அதில் 100 மில்லி எடுத்துத் திரும்பவும் 1 லிட்டராக்குங்க. இது 10 டிகேஹெச். நேரா 0.3 கிராம் நிறுக்கலாமேன்னு கேட்டா, சாதாத் தராசில் 0.3 கிராமை நம்ப முடியாது. பைகார்பனேட்டைச் சூட்டில் வச்சுக் காய வைக்காதீங்க, கார்பனேட்டாய் மாறிப்போகும். கடைசி ஒரு லிட்டரில் லேப் தரச் சோடியம் குளோரைடு 35 கிராமும் போடணும். நல்ல வெள்ளத்தில் கார்பானிக் ஆசிட் நடந்துக்கிடுற விதம் வேற, உப்பு வெள்ளத்தில் வேற, உப்பில்லாம 4.5ல நிறுத்தினா கால் டிகேஹெச் வரை விலகலாம். அயோடின் உப்பு வேண்டாம்.

இதை மெஷினிலயும் கிட்டிலயும் ஓட்டுங்க. ஆசிட்டோட நிஜ வலிமையும் இதிலேயே தெரிஞ்சுபோகும். 37 சதவீத ஆசிட் 8.3 மில்லியை 1 லிட்டராக்கினா 0.1 நார்மல்னு எல்லாரும் எழுதுவாங்க. திறந்து நாளான பாட்டிலில் வாயு போய் வலிமை குறைஞ்சிருக்கும். கலக்கும்போது வெள்ளத்தில் ஆசிட்டை விடணும், ஆசிட்டில் வெள்ளத்தை விடக்கூடாது. கக்கூஸ் ஆசிட் பக்கமே போகாதீங்க, அதில் இரும்பு இருக்கும்.

புரோப்பை பிஹெச் 4.01, 7.00 பஃபர் கரைசலில் மட்டும் காலிபிரேட் பண்ணுங்க. நிறுத்துற இடம் 4.5, அதுக்கு 10 எதுக்கு? டெஸ்ட் முடிஞ்சதும் பாத்திரத்தில் தொட்டி வெள்ளம் நிக்கணும், புரோப் முனை காயக்கூடாது. கரண்டு போய்த் திரும்பி வந்தா புரோகிராம் முதலில் பாத்திரத்தை வடிக்கணும். பாதி ஆசிட் கிடக்கிற வெள்ளத்து மேலயே அடுத்த சாம்பிள் விழுந்தா 5.2ன்னு ஒரு ரீடிங் வரும், டோசர் அதை அப்படியே நம்பும்.

கடை மெஷின் வாங்கினா இந்தத் தலைவலி இல்லையான்னு அடுத்து கேப்பீங்க. அல்காட்ரானிக், ஜிஹெச்எல் கேஹெச் டைரக்டர் ரெண்டும் உங்க மெஷினைப் போல ஆசிட், பிஹெச் புரோப் வேலைதான். நெப்டியூன் டிரைடென்ட் நிறம் பாக்கிற வகை. கால்சியம், மெக்னீசியமும் எடுக்கும், ஆனா ஏபெக்ஸ் கன்ட்ரோலர் வேணும், ரீஏஜென்ட் (டெஸ்ட் ரசாயனம்) ரெண்டு மாசத்துக்கு ஒருக்க மாத்தணும். எல்லாத்திலயும் பெரிஸ்டால்டிக் டியூப் உண்டு, எல்லாத்திலயும் அது தேயும்.

விளவங்கோடு ரீஃப்:

அளந்தாச்சு. சாம்பிள் மூணு தடவையும் 44 மில்லி. உறிஞ்சு முனை ஸ்பாஞ்சில் வழுவழுன்னு பாசி, அலசினபிறகும் 45தான். ஆசிட் பம்ப் 10 மில்லிக்கு 9.9 கிராம். ஸ்டாண்டர்ட் 10ஐ மெஷின் 8.8ன்னு காட்டுது, கிட் 10.1.

உப்பு 32 பிபிடி (ஆயிரத்தில் 32 பங்கு)! 35ல்தான் வச்சிருந்தேன். ரெண்டு வாரத்துக்கு ஒருக்க 20 லிட்டர் மாத்துறேன், தேங்காப்பட்டணத்தில் எடுத்த கடல் வெள்ளம். உப்பு எங்க போச்சு?

கடுக்கரை டைட்ரேஷன்:

உப்பு உங்க மெஷின் வழியா வாளிக்குப் போச்சு. ஒரு டெஸ்டுக்கு 100 மில்லி, நாலு டெஸ்டுக்கு 400. அத்தனையும் உப்பு வெள்ளம். அந்த இடத்தை, ஆவியாறதை ஈடுகட்ட வச்சிருக்கிற ஆட்டோ டாப் ஆஃப், உப்பில்லாத நல்ல வெள்ளத்தை விட்டு நிரப்புது. நாளுக்கு 14 கிராம் உப்பு வெளிய போகுது. மாசத்துக்கு 12 லிட்டர். நடுவில் 20 லிட்டர் மாத்தினதையும் சேத்துக் கணக்குப் போட்டா ஆறு வாரத்தில் 32.5 வரை வரும். மிச்ச அரை பிபிடிக்கு வேற காரணம் இருக்கணும்.

கால்சியம், மெக்னீசியம் இறங்கினதும் இதனாலதான். 420ஐ 35ஆல வகுத்து 32ஆல பெருக்குங்க, 384. கால்சியம் டோஸைத் தொடாதீங்க. உப்பு இறங்கினப்ப கேஹெச்சும் கூடவே 7.3க்கு வந்திருக்கணும், 8.6ல நிக்குதுன்னா டோசர் எவ்வளவு தள்ளியிருக்குன்னு பாத்துக்கிடுங்க. மாண்டிப்போரா ஓரம் வெளுக்கிறதுக்கு இந்த ரெண்டு ஆட்டமும் போதும்.

திருத்துறது இப்படி. 180 லிட்டரில் 3 பிபிடி ஏத்த 540 கிராம் உப்பு வேணும். நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகுதுன்னா, டாப் ஆஃப் டப்பாவில் நல்ல வெள்ளத்துக்குப் பதிலா 35 பிபிடி வெள்ளம் ஊத்துங்க. நாளுக்கு 105 கிராம், அஞ்சு நாளில் முடிஞ்சது. ஒரே நாளில் ஏத்தவே வேண்டாம். அந்த வெள்ளத்தோட கேஹெச்சும் நாளுக்கு 0.12 அளவில் ஏறும், அதனால அஞ்சு நாளும் டோசரை 52 மில்லியில் வைங்க, பிறகு 63. கிட்டில் தினமும் ஒரே நேரத்தில் பாருங்க. 8.6ஐ 8.0க்கு இறக்கணும்னு ஆசிட் கீசிட் ஊத்திடாதீங்க. அது அங்கேயே இருக்கட்டும்.

மெஷினுக்கு: பம்ப் டியூபை BPT வகையா (உப்பு அளக்கிற பிபிடி இல்ல, டியூப் ரகத்தோட பேரு) மாத்துங்க, சாதா சிலிக்கானைவிட நிறைய நாள் உழைக்கும். புது டியூப் போட்டு ஒரு நாள் ஓட விட்டுட்டு அளங்க, முதல் சில மணி நேரம் அது இளகிக்கிட்டே இருக்கும். டெஸ்டை நாளுக்கு ரெண்டாக் குறைங்க, ஒண்ணு லைட் எரியிறதுக்கு முன்ன, ஒண்ணு அணைஞ்சதும். அலசல் 30 மில்லி போதும், ஆனா டியூபுக்குள்ள நிக்கிற பழைய வெள்ளம் அதைவிடக் கம்மியா இருக்கணும். 6 மில்லிமீட்டர் உள்விட்டம்னா மீட்டருக்கு 28 மில்லி பிடிக்கும்; மெல்லிய டியூப் போடுங்க. இப்ப நாளுக்கு 160 மில்லி, வாரத்துக்கு ஒரு லிட்டர் சொச்சம். வாரம் ஒரு நாள் டாப் ஆஃபில் அந்த அளவுக்கு உப்பு வெள்ளம் ஊத்தினாச் சரியாப்போகும்.

கழிவை சம்ப்புக்கே திருப்பி விட்டா உப்பு நஷ்டமே இல்லையேன்னு தோணும். வேதியியல்படி தப்பில்ல. ஆனா ஆசிட் பம்ப் ஒரு நாள் ஆன்லேயே மாட்டிக்கிட்டா ஒரு லிட்டர் ஆசிட்டும் தொட்டிக்குள்ள போகும். வாளியே நல்லது.

டோசரை மறுபடி மெஷினோட சேக்கிறதா இருந்தா வரம்பு போட்டுச் சேருங்க: 54 மில்லிக்குக் கீழயும் 72க்கு மேலயும் போகக்கூடாது, போன ரீடிங்கைவிட 0.5 தள்ளி வந்தா அதை எடுத்துக்காம இன்னொரு டெஸ்ட் எடுக்கணும். உங்க 74 அந்த வரம்பிலேயே மாட்டியிருக்கும்.

தேங்காப்பட்டணம் கரை:

அந்த மிச்ச அரை பிபிடி எங்க ஊருதான். குழித்துறை ஆறு இங்கதான் கடலில் விழுது. ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பொழிமுகம் (ஆறு கடலில் சேர்ற வாய்) பக்கத்தில் மேல் வெள்ளம் பாதி ஆறு. மழை நாளில் கேன் நிறைச்சீங்கன்னா அது 35 இருக்கும்னு எடுத்துக்காதீங்க. பொழியை விட்டு ரொம்ப விலகி, மழை விட்டுச் சில நாள் கழிச்சு எடுங்க. முட்டம் பக்கம் பாறைக் கரையும் பாக்கலாம். எங்க எடுத்தாலும் ஒவ்வொரு கேனையும் தனியா அளங்க. உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரை நல்ல வெள்ளத்தில் சுழியம் வச்சா மட்டும் போதாது, 35 பிபிடி கரைசலில் சரி பாக்கணும். உப்பு குறைஞ்ச வெள்ளத்தில் கேஹெச், கால்சியம் எல்லாமே குறைஞ்சிருக்கும், வெறும் உப்பைப் போட்டு ஏத்தினா அது சரியாகாது; ரீஃப் சால்ட் (பவளத் தொட்டிக்கான உப்புக் கலவை) போட்டு ஏத்துங்க.