பழைய வண்டிக்கு அசல் டயர் தேடிய அனுபவங்கள்

கோபிக்காரன்:
திம்பம் மலைப்பாதை, 27 வளைவுகளில் ஒன்பதாவது. மழைகூட இல்லை, மரத்திலிருந்து சொட்டிய பனி ஈரம்தான். அப்புச்சியின் 1972 புல்லட், பின்சக்கரம் என்னைக் கேட்காமலே இடப்பக்கம் நகர்ந்தது. விழவில்லை. ஆனால் எதிரே இறங்கி வந்த கரும்பு லாரிக்காரரின் வாய் திறந்தபடி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

டயர் புத்தம் புதியது, அதுதான் கொடுமை. 3.25-19 அளவு, தரையில் படும் பக்கத்தில் அந்தக் காலத்துக் கட்டம், ஓரத்து எழுத்துகூட அதே அச்சு. கோவையில் ஒரு பழைய கடையின் பரணிலிருந்து இறக்கினார்கள். கடைக்காரர் எண்ணெய்த் துணியால் துடைத்ததும் நாவற்பழம் போல மின்னியது. ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. ஒன்றை விரலால் வளைத்தேன், வறுத்த சேமியா போல ஒடிந்தது. பக்கவாட்டில் 398 என்று இருந்ததையும் தடவிப் பார்த்தேன். ஏதோ அச்சு எண் என்று நினைத்துக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

பொள்ளாச்சி மேற்கு:
அந்த 398தான் டயர் தயாரான தேதி. மூன்று இலக்கம் என்றாலே 2000க்கு முந்தைய சரக்கு. 39ஆவது வாரம், எட்டில் முடியும் ஆண்டு. 1998 ஆகலாம், 1988 ஆகவும் இருக்கலாம். அதற்காக எல்லாப் பழியையும் டயர்மேல் போடாதீர்கள். காற்று எவ்வளவு இருந்தது? வளைவில் பிரேக்கை மிதித்தீர்களா? ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவும் நான் பழைய டயரிலேயே ஏறியிருக்கிறேன்.

தாராபுரத்தான்:
ஏறினீர்கள், சரி. இறங்கும்போது?

என் கதை வேறு. யமஹா ஆர்எக்ஸ் 100, பின்னால் 2.75-18தான் அதற்கு. அகலமாக இருந்தால்தான் கம்பீரம் என்று மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டு, அடங்காத ஒன்றை மாட்டினேன். காங்கேயம் தாண்டியதும் கருகல் வாடை. இறங்கிப் பார்த்தால், மானாவாரிக் காட்டில் கலப்பை ஓட்டியது போலச் செயின் கவர் டயரை உழுதிருந்தது. கவரைக் கழற்றியிருந்தால் சரியாகியிருக்கும் என்று மாப்பிள்ளை இன்றும் சாதிக்கிறார்.

பெருந்துறை ரிம்:
அசல் என்பது அளவும் கட்டமும்தான், வயது அல்ல. ஆர்எக்ஸ் 100 உற்பத்தியே 1996இல் நின்றுவிட்டது. வண்டியோடு பிறந்த டயர் வேண்டுமென்றால் கிழட்டு ரப்பர்தான் கிடைக்கும். 3.25-19 இன்றும் புதிதாக வருகிறது. முன்னால் நேர்க்கோடு போட்ட ரிப், பின்னால் கட்டம், பார்வைக்கு அந்தக் காலத்து வண்டியேதான். வாங்கும்போது நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம். டயரோடு டியூபையும் மாற்றுங்கள். ஸ்போக் முனைகள்மேல் ரிம் டேப் கட்டாயம். முதல் 150 கிலோமீட்டர் வண்டியை அதிகம் சாய்க்காதீர்கள், புது ரப்பரின் மேல்தோல் வழுக்கும். கோபிக்காரர் டியூபை மாற்றியதாகச் சொல்லவில்லை, கவனித்தேன்.

எனக்கு நேர்ந்தது: டேப் இல்லாமல் மாட்டினேன், விஜயமங்கலம் சுங்கச்சாவடியில் பஞ்சர்.

கோபிக்காரன்:
காற்று சரியாக இருந்தது, பிரேக்கைத் தொடவில்லை. டியூபும் புதிதுதான் அண்ணா. என்னை உறுத்துவது வேறு. டயரைச் சாக்கில் சுற்றிக் கட்டும்போது அந்தக் கடைக்காரர், நிமிர்ந்து பார்க்காமலே, "உள்ளூரில் மட்டும்தானே ஓட்டுவீர்கள்?" என்று கேட்டார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.